தூங்கும்போதே நனையும் நாய்க்குட்டி: லேசர் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

மைனா எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு எட்டு வாரம். கோல்டன் ரெட்ரீவர், பெண் குட்டி. நியூஜெர்சியில் அப்போது ஜனவரி, வாசலில் பனி குவிந்து கிடந்தது. அவள் எங்கே படுத்து எழுந்தாலும் அங்கே ஓர் ஈர வட்டம் இருக்கும். குட்டிதானே, பழகிவிடும் என்று இருந்தோம். நான்கு மாதமாகியும் நிற்கவில்லை. நாய்களைப் பழக்குகிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தண்ணீர் வைக்காதீர்கள் என்றார். அதையும் ஒரு வாரம் செய்தேன். காலிக் கிண்ணத்தை நக்கிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது தஞ்சாவூரில் இருக்கும் என் அம்மா. ஒரு நாள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் மைனா சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். "அடியே, திரும்பிப் பாரு. அது ஒண்ணும் வேணும்னு போகலை. அது பாட்டுக்குத் தூங்குது, அதுக்கே தெரியாம வழியுது" என்றார் அம்மா. திரும்பிப் பார்த்தேன். ஆழ்ந்த தூக்கம், கால் மட்டும் கனவில் துடிக்கிறது, வாலுக்குக் கீழே துணி மெல்ல நனைந்துகொண்டே வருகிறது.

மைனாவுக்கு இருந்தது சிறுநீர்க் குழாய் இடம் மாறிப் பிறந்த கோளாறு, பிறகு லேசரில் அதைச் சரிசெய்தார்கள். பழக்கம் சரியில்லாத நாய்க்கும், கசிவு நோயுள்ள நாய்க்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. கசிகிற நாய்க்குத் தான் நனைவது தெரியாது. ஆகவே திட்டாதீர்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகும், தோல் இன்னும் எரியும், கசிவு மட்டும் அப்படியே இருக்கும்.

மூன்று நாள் வேட்டியும் நோட்டும்

டாக்டரிடம் ஓடும் முன் மூன்று நாள் கவனித்து எழுதி வையுங்கள். நான் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை நாலாக மடித்து மைனாவின் படுக்கையில் விரித்தேன். வெள்ளைத் துணியில் ஈரத்தின் அளவும் நிறமும் தெளிவாகத் தெரியும். உள்ளங்கை அளவா, தட்டு அளவா, மஞ்சளா, சிவப்பு கலந்திருக்கிறதா, நாற்றம் வழக்கத்தைவிட அதிகமா என்று பார்த்தேன். அப்போது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதையும் குறித்தேன். தூக்கமா, நடையா, விளையாட்டா? பின்னங்காலை மடக்கிக் குந்தினாளா, இல்லையா? விருந்தாளி வந்ததும் பயத்திலோ குஷியிலோ குந்திக் கொஞ்சம் விடுவது வேறு, அது வளர வளரப் போய்விடும். குந்தாமலே சொட்டினால்தான் யோசிக்க வேண்டும். நடக்கும்போது சொட்டுவதைப் போனில் எடுத்து வையுங்கள். மருத்துவமனையில் போய் நின்றால் பல நாய்களுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு சொட்டும் வராது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒரு முழு நாள் அவள் குடிக்கும் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், மீதியை அளந்து கழியுங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது அளவுக்கு மிஞ்சிய தாகம். சர்க்கரை நோய், சிறுநீரக நோய் போன்ற வேறு காரணங்களை அப்போது முதலில் தேட வேண்டும். மைனாவின் கணக்கு இயல்பாகவே இருந்தது.

ஒரு விஷயம் என்னையும் எங்கள் வழக்கமான டாக்டரையும் குழப்பியது. வெளியே கூட்டிப்போனால் மைனா நன்றாகக் குந்தி, ஒரே தாரையாகப் போவாள். சிறுநீர்ப்பை நிறைகிறது, காலியாகிறது, அப்புறம் எப்படிக் கசிகிறது? பிறவிக் கோளாறு இருந்தாலும் இப்படி இருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. நன்றாகத்தான் போகிறாள் என்ற ஒரு காரணத்துக்காக யாரும் சோதனையைத் தள்ளிப்போட விடாதீர்கள்.

உங்கள் நாய் குட்டியல்ல, கருத்தடை செய்து சில மாதமோ வருடமோ ஆன பெரிய பெண் நாய், இப்போதுதான் புதிதாகத் தூக்கத்தில் நனைகிறது என்றால் கதை வேறு. அதில் பெரும்பாலும் பையின் வாயை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்திருக்கும். பாக்ஸர், டாபர்மேன், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களில் அதிகம் பார்க்கலாம். அதற்கு முதல் வழி மாத்திரைதான், பெரும்பாலான நாய்களுக்கு மாத்திரையே போதும். கருவி, கத்தி எல்லாம் மாத்திரை தோற்ற பிறகுதான்.

நாடா தவறான இடத்தில் வெளியே வந்தால்

முதல் சோதனை சிறுநீர்க் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. தரையில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், அதில் வெளிக்கிருமி எல்லாம் வளரும். வயிற்றின் வழியே மெல்லிய ஊசியைப் பைக்குள் செலுத்தி எடுப்பதுதான் சரியான மாதிரி. பார்க்க பயமாக இருக்கும், ஆனால் மைனா காதைக்கூட அசைக்கவில்லை. முடிவு வரச் சில நாளாகும். கிருமி இருந்தால் அதற்கான மருந்தை முடிக்க வேண்டும். பிறவிக் கோளாறுள்ள குட்டிகளில் கிருமித் தொற்றும் கூடவே இருப்பது சகஜம். அதனால் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, கொஞ்சம் குறைந்து, மறுபடி வந்து என்று மாதங்கள் ஓடிவிடும். இரண்டாவது முறையும் தொற்று வந்தால், "ஏன் வருகிறது?" என்று கேளுங்கள்.

அடுத்து ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன். ஸ்கேனில் மைனாவின் இடப்பக்க யூரிட்டர் வீங்கியிருந்தது.

யூரிட்டர் என்பது சிறுநீரகத்திலிருந்து பைக்குச் சிறுநீரைக் கொண்டுவரும் குழாய். இரண்டு சிறுநீரகத்துக்கும் ஒவ்வொன்று. அவை பையின் கழுத்துக்குச் சற்று மேலே பைக்குள் திறக்க வேண்டும். சில குட்டிகளில் கருவிலேயே இடம் மாறி, பையைத் தாண்டிப்போய், வெளியேறும் வழியான யூரித்ராவில் திறந்துவிடும். பையின் வாயை இறுக்கும் தசைக்குக் கீழே திறந்தால் எந்தத் தசையாலும் அதைத் தடுக்க முடியாது. சொட்டிக்கொண்டே இருக்கும். இதற்கு எக்டோபிக் யூரிட்டர் என்று பெயர். பெண் நாய்களில்தான் மிக அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார், சைபீரியன் ஹஸ்கி, நியூஃபவுண்ட்லாந்து, வெஸ்ட் ஹைலண்ட் டெரியர் ஆகிய இனங்களில் கூடுதல்.

டாக்டர் காகிதத்தில் படம் வரைந்தார். எனக்குப் பாவாடை நாடா நினைவுக்கு வந்தது. பாவாடையின் மேல் மடிப்புக்குள் நாடா ஓடுமல்லவா? வெளியிலிருந்து பார்த்தால் நாடா தெரியாது, மடிப்பு மட்டும்தான் தெரியும். நாய்களில் பெரும்பாலும் இந்தக் குழாய் பையின் சுவருக்குள் சரியான இடத்தில்தான் நுழைகிறது. ஆனால் அங்கே திறக்காமல், நாடா மாதிரி சுவருக்குள்ளேயே ஓடி, கீழே தவறான இடத்தில் வாயைத் திறக்கிறது. மடிப்பின் உள்பக்கத் துணியைக் கீழிருந்து மேலாகக் கீறிக்கொண்டே போனால், நாடா வெளியே வரும் இடம் மேலே நகர்ந்துவிடும் அல்லவா? லேசர் செய்வது அதைத்தான். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், தையல் வேண்டாம். குழாய் சுவருக்குள் ஓடாமல் பையைத் தொடாமலே தனியாகக் கீழே போயிருந்தால் மட்டும் லேசர் உதவாது. வயிற்றைத் திறந்து குழாயை வெட்டிப் பையில் பதிக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

இதை எல்லா நாய் டாக்டரும் செய்வதில்லை. சிறுநீர் வழிக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய சிஸ்டோஸ்கோப், லேசர், எக்ஸ்ரேயை ஓடும் படமாகக் காட்டும் கருவி மூன்றும் வேண்டும், கை பழகியவரும் வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க்கின் அனிமல் மெடிக்கல் சென்டர் இந்தத் துறையில் பெயர் பெற்ற இடம். அங்கே பணியாற்றும் டாக்டர் அல்லிசன் பெரெண்டும் உடன் இருந்தவர்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வைத்தான் எங்கள் டாக்டரும் எடுத்துச் சொன்னார். 30 பெண் நாய்களுக்கு லேசர் செய்திருக்கிறார்கள். லேசர் மட்டுமே போதுமாகி முழுக்க உலர்ந்தவை 47 சதவீதம். மாத்திரை, ஊசி என்று அடுத்த கட்டங்களையும் சேர்த்தால் 77 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஏறக்குறைய பாதி நாய்களுக்கு லேசருக்குப் பிறகும் ஏதாவது தேவைப்படும். குழாய் இடம் மாறிப் பிறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பையின் வாய்த் தசையும் சேர்ந்தே பலவீனமாக இருப்பதுதான் காரணம். லேசர் குழாயின் வாயை நகர்த்தும், தசைக்குப் பலம் கொடுக்காது. இது முன்பே தெரிந்திருந்தால் மூன்றாம் வாரம் படுக்கை நனைந்திருப்பதைப் பார்த்து உடைந்துபோக மாட்டீர்கள்.

நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டவை: உள்ளே பார்ப்பதும் லேசரும் ஒரே மயக்கத்தில் நடக்குமா? பார்த்த பிறகு லேசர் முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள், எழுப்பி அனுப்புவீர்களா, அன்றே திறந்து செய்வீர்களா? இதுவரை எத்தனை நாய்களுக்குச் செய்திருக்கிறீர்கள்? யோனிப் பாதையில் குறுக்குச் சவ்வு இருந்தால் அதையும் எடுப்பீர்களா? (இந்தக் குட்டிகளில் அந்தச் சவ்வும் அடிக்கடி இருக்கும். அதில் சிறுநீர் தேங்கிப் பிறகு வழியும்.) கசிவு நிற்காவிட்டால் அடுத்தது என்ன, அதற்கு எவ்வளவு? கடைசிக் கேள்விக்கும் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். மொத்தச் செலவு பல ஆயிரம் டாலர் ஆகும். குட்டி வாங்கிய முதல் வாரமே இன்சூரன்ஸ் எடுப்பதும், பிறவிக் குறைகளுக்கு அதில் இடமுண்டா என்று வரி வரியாக வாசிப்பதும் முக்கியம். கசிவு என்று டாக்டர் ஒருமுறை பதிவு செய்துவிட்டால் அப்புறம் எடுக்கும் பாலிசி இதற்கு உதவாது.

லேசர் வசதி பக்கத்தில் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். திறந்த அறுவை பல வருடமாக நடந்துவருவதுதான். ஆறுவதற்கு நாள் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான்.

கருத்தடையைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். தசை பலவீனமான சில குட்டிகளுக்கு முதல் பருவம் வந்த பிறகு கசிவு குறைவதுண்டு. அதனால் நாங்கள் மைனாவுக்கு அவசரப்படாமல் தள்ளிவைத்தோம்.

அந்த நாள்

மைனாவுக்கு அப்போது ஏழு மாதம், 22 கிலோ. முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்தச் சொன்னார்கள், தண்ணீர் காலை வரை கொடுக்கலாம் என்றார்கள். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரத்தை அப்படியே பின்பற்றுங்கள். அவள் படுத்த பழைய போர்வை ஒன்றைக் கொடுத்துவிட்டேன். நனைந்தாலும் பரவாயில்லை, நம் வாசனை கூடவே இருக்கும்.

உள்ளே நடந்ததை டாக்டர் பிற்பாடு வீடியோவாகக் காட்டினார். கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள், கேளுங்கள். ஸ்கோப் வழியே உப்புநீர் ஓடுகிறது, சுற்றிலும் ஈரமான இளஞ்சிவப்புச் சுவர். யூரித்ராவின் தரையில் நகத்தால் கீறியது போல ஒரு சின்னப் பிளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிளவு விரிந்து ஒரு குபுக்கென்று மஞ்சள் நீரை விட்டது, மூடியது. சில விநாடி கழித்து மறுபடியும். ஐந்து மாதமாக எங்கள் வீட்டுத் துணிகளையெல்லாம் நனைத்த வாய் அதுதான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பாவம், இதற்காகவா அவளைத் தாகத்தில் தவிக்கவிட்டோம் என்று.

ஸ்கேனில் இடப்பக்கம் மட்டும்தான் சந்தேகம் இருந்தது. உள்ளே பார்த்தால் வலப்பக்கமும் அப்படியே, கொஞ்சம் மேலே திறந்திருந்தது. ஸ்கேன் ஒரு பக்கம் என்று சொன்னாலும் இரண்டு பக்கத்துக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். அந்தப் பிளவுக்குள் மெல்லிய கம்பியையும் குழலையும் செலுத்தி, சாயம் விட்டு எக்ஸ்ரேயில் பார்த்து, குழாய் சுவருக்குள்தான் ஓடுகிறது என்று உறுதி செய்தார்கள். அப்புறம்தான் லேசர். உள்ளே வைத்த குழல் எதிர்ப்பக்கச் சுவர் சுட்டுவிடாமல் காக்கும். லேசர் முனை சுவரைத் தொட்டுத் தொட்டு மேலே போகப் போக, முருங்கைக்காயைக் கீறியது போல மடிப்பு இரண்டாகப் பிரிந்துகொண்டே போய், கடைசியில் பைக்குள் போய் நின்றது. குறுக்குச் சவ்வையும் அப்போதே எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் நடந்தே வெளியே வந்தாள். உடம்பில் ஒரு தையல் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் சில நாள் சிறுநீரில் ரத்தச் சாயல் இருக்கும், அடிக்கடி குந்துவாள், பயப்பட வேண்டாம். ஆனால் குந்திக் குந்தி முக்கியும் ஒன்றும் வராவிட்டாலோ, வாந்தியெடுத்து வயிற்றைத் தொடவிடாமல் சுருண்டு படுத்தாலோ, கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ நள்ளிரவானாலும் கூப்பிட வேண்டும். அந்த எண்ணை முன்கூட்டியே வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டி வையுங்கள். வலி மருந்தையும் ஆன்டிபயாட்டிக்கையும் கொடுத்த நாள் வரை முழுக்கக் கொடுங்கள். மனிதர்கள் சாப்பிடும் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு போட வேண்டும். இரண்டு வாரம் கயிற்றோடுதான் வெளியே, ஓட்டமும் குதியும் கூடாது என்றார்கள்.

தோலைக் கவனியுங்கள். மாதக்கணக்கில் நனைந்த இடத்தில் தொடையின் உள்பக்கம் சிவந்து வெந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றி, முழுக்க உலர விட வேண்டும். நாய்க்கான டயபர் போட்டால் ஈரமானதும் மாற்றுங்கள், இரவு முழுக்க அதே டயபரோடு விடாதீர்கள். குழந்தைகளுக்குப் போடும் துத்தநாக ஆக்சைடு க்ரீம் வீட்டில் இருக்கும், கை அதற்குத்தான் போகும். போடாதீர்கள். நாய் நக்கி உள்ளே போனால் நஞ்சு. நாய்க்குப் பாதுகாப்பான களிம்பை டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள்.

வேட்டியை மறுபடி விரித்தேன். முதல் வாரம் ஈரம் இருந்தது, மூன்றாம் வாரம் பகலில் சுத்தமாக நின்றது. நடக்கும்போது ஒரு சொட்டும் இல்லை. ஆனால் ஆழ்ந்து தூங்கும் இரவுகளில் உள்ளங்கை அளவு வட்டம் இருந்துகொண்டே வந்தது. ஆறாம் வாரம் நோட்டோடு போனேன். கல்ச்சர் சுத்தம், யூரிட்டர் வீக்கமும் குறைந்திருந்தது. மிச்சமிருப்பது தசையின் பலவீனம் என்றார் டாக்டர்.

கசிவு மிச்சமிருந்தால்

முதலில் ஃபெனைல்புரொபனோலமைன் மாத்திரை. இங்கே புரோயின் என்ற பெயரில் வருகிறது. பையின் வாய்த் தசையை இறுக்கிப் பிடிக்க உதவும். ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பதால், தொடங்கும் முன்னும் பிறகும் நாய்க்கு அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இதய நோய் இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். மாத்திரைக்குச் சுவை சேர்த்திருப்பதால் நாய்க்குத் தின்பண்டம் மாதிரி. டப்பாவைக் கடித்து மொத்தமும் தின்று ஆபத்தான நாய்கள் உண்டு. அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள், மேசையில் வைக்காதீர்கள். கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு எஸ்ட்ரியால் என்ற ஹார்மோன் மாத்திரையும் உண்டு, சில நேரம் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

அதுவும் போதாவிட்டால், ஸ்கோப் வழியாகவே யூரித்ராவின் சுவரில் சில இடங்களில் கொலாஜன் ஊசி போட்டு, வழி குறுகும்படி மேடாக்குவார்கள். இதற்கும் கத்தி வேண்டாம். ஆனால் நாளாக ஆக மேடு தாழ்ந்துவிடும், மறுபடி போட வேண்டியிருக்கும். கடைசியாக, யூரித்ராவைச் சுற்றிச் சிலிகான் வளையம் ஒன்றைப் பொருத்துவார்கள். தோலுக்கடியில் வைத்த சிறு பொத்தானில் ஊசியால் உப்புநீர் ஏற்றி அதன் இறுக்கத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நல்ல பலன் தரும், ஆனால் பொருத்துவதற்குப் பெரும்பாலும் வயிற்றைத் திறக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த வரிசையை மாற்றச் சொல்லி யாரையும் அவசரப்படுத்தாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் சில வாரம் கொடுத்து, வேட்டியில் என்ன தெரிகிறது என்று பார்த்து அடுத்ததற்குப் போங்கள்.

மைனாவுக்கு மாத்திரையே போதுமானது. பத்தாவது நாள் காலையில் வேட்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. அம்மாவுக்கு அதைப் படமெடுத்து அனுப்பினேன்.

சில மாதத்துக்கு ஒருமுறை கல்ச்சரும், டாக்டர் சொல்லும்போது சிறுநீரக ஸ்கேனும் தொடர்கின்றன. கசிவு நின்றுவிட்டது என்று இவற்றை விட்டுவிடாதீர்கள். யூரிட்டர் வீங்கியிருந்த நாய்களுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பது வெளியே தெரியாது.

இன்னொன்று. குட்டியை விற்றவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இது சில இனங்களில் வம்சவழியாக வருவதாகக் கருதப்படுகிறது, ஆகவே இந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது, தாய் தந்தையையும் மறுபடி சேர்க்காமலிருப்பது நல்லது. நான் சோதனை முடிவுகளோடு எழுதினேன். அவர் அதே ஈற்றில் பிறந்த மற்ற குட்டிகளை வாங்கியவர்களுக்குத் தகவல் அனுப்பினார். அவர்களில் ஒரு வீட்டில் ஒரு பெண் குட்டியை, வீட்டை நனைக்கிறாள் என்று கராஜில் படுக்கவைத்திருந்தார்களாம்.